இழுவைத் திறன் பட்டியல் சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிக்கப் வண்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வண்டி எத்தனை டன் இழுக்கும் என்று அழகாகப் பட்டியலிட்டிருந்த அக்கட்டுரை, அந்த எடையோடு மலை ஏறுவதைப் பற்றியும், ஏறிய பின் இறங்குவதைப் பற்றியும் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கனமான டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு பல ஆண்டுகளாக மலைப்பாதைகளில் போய்வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பட்டியலில் உள்ள எண்களைப் பொய் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் அவற்றுக்கு அடிப்படையாக இருப்பது வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற தரநிலை. அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் டேம் ஏற்றம் எனப்படும் சுமார் 18 கிலோமீட்டர் சாலையில், 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏசியை முழு அளவில் ஓடவிட்டு, மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் சாதாரண பிக்கப் ஏறிக் காட்ட வேண்டும் என்று அது விதிக்கிறது. கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 68 கிலோ. குடும்பத்தோடும், பின்தட்டு நிறையச் சாமான்களோடும் கிளம்புகிறவர் அந்த உச்ச எண்ணை அப்படியே நம்பினால், புறப்படும்போதே வரம்பைத் தாண்டியிருப்பார். போதாததற்கு, டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்புக் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். இல்லையென்றால் டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கிவிடும். 3,500 கிலோ டிரெய்லர் என்றால் 350 முதல் 525 கிலோ வரை பிக்கப்பின் முதுகில் ஏறுகிறது. இழுவை வரம்பு எட்டுவதற்கு முன்பே சுமக்கும் வரம்பு தீர்ந்துபோவது இதனால்தான்.

ஏற்றத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 6 டன், சாலையின் சரிவு 6 விழுக்காடு (அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏற்றம்), வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 105 குதிரைத்திறன் செலவாகும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் தனி. வேகத்தை 60 ஆகக் குறைத்தால் அது 80க்கும் கீழே வந்துவிடுகிறது. உயரம் வேறு தன் பங்கைக் கேட்கும்: கொலராடோவின் ஐசனோவர் சுரங்கச்சாலை இருக்கும் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத இன்ஜின் தன் திறனில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை இழந்துவிடும். மீதமுள்ளதைப் பிழிந்தெடுக்கும்போது உண்டாகும் வெப்பத்தை ரேடியேட்டரும் கியர்பெட்டியின் ஆயிலும் தாங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் மேலும் கீழுமாக மாறி மாறித் தவித்தால் அந்த ஆயில் விரைவில் சூடேறும் என்பதால், இழுவைக்கான ‘டோ/ஹால்’ முறையைப் போட்டு, ஒரு கீழ் கியரில் நிலையாக ஏறுவதே நல்லது. இன்ஜின் அலறுகிறதே என்று பயந்து மேல் கியரிலேயே திணறவிடுவோர் பலர். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன்.

இவ்வளவும் ஏற்றம். என்னைக் கேட்டால் உண்மையான ஆபத்து மறுபக்கத்தில்தான் இருக்கிறது. ஏற முடியாத வண்டி நின்றுவிடும். இறங்கும் வண்டி அப்படி நிற்பதில்லை. அதே 6 டன் 600 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 3.5 கோடி ஜூல், அதாவது 13 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்கப் போதுமான வெப்பம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதி டிஸ்க்குகளிலும் டிரம்களிலும்தான் வந்து சேரும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நாள்பட ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த வரம்பு 140 வரை இறங்கிவிடலாம். கொதித்துவிட்டால் பெடல் பொசுக்கென்று தரைக்குப் போகும். முதல் மலைப்பயணத்தில் அடிவாரத்தை அடைந்தபோது சக்கரங்களிலிருந்து எழுந்த கருகல் வாடையை நான் இன்னும் மறக்கவில்லை. சரிவு தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு வந்து, இன்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும்படி செய்து, பிரேக்கைச் சற்று அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்ததும் காலை எடுத்துவிட வேண்டும். டிரெய்லருக்கென்று உள்ள பிரேக் வேலை செய்கிறதா என்பதைச் சமதளத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஆகவே, இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது, இழுவைத் திறனுக்குப் பக்கத்திலேயே பிக்கப் சுமக்கக்கூடிய எடையையும், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை வரம்பையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆட்களும் சாமான்களும் ஏறிய பின் எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கும்படி ஒரு குறிப்பையும் சேர்த்தால், வாங்கும் முன் வாசகர்கள் சரியான கணக்கைப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்