ஏழாம் வாய்ப்பாடு

அம்பாசமுத்திரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். குட்டி நடுவில் புகுந்து பூனைக் கதை சொல்கிறாள். நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது. அதனால்தான் பார்சலோடு இதையும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை பேசும்போது லைன் சரியில்லை. "அப்புறம் பேசுறேம்மா" என்று நீ சொன்னதும் நானும் உடனே வைத்துவிட்டேன். பத்து நாளாயிற்று, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. உனக்கு வேலை இருக்கும். நான் குறை சொல்லவில்லை.

அப்பா நன்றாக இருக்கிறார். சித்திக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாரையும் அதிகாரம் செய்கிறாள். ஆற்றில் தண்ணீர் படித்துறையை மூடிக்கொண்டு போகிறது. இங்கே செய்தி இவ்வளவுதான். பெரியவன் காலையில் என்ன சாப்பிடுகிறான்?

இதை நான் சும்மா கேட்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது 1982இல், சத்துணவும் அந்த வருஷம்தான் வந்தது. மத்தியானச் சோற்றுக்கு வழி பிறந்தது, காலைக்கு ஒன்றும் இல்லை. வகுப்பில் அழுகை, கிள்ளல், சிலேட்டு உடைப்பு எல்லாம் பதினொரு மணிக்குத்தான் தொடங்கும். முதல் நாலைந்து வருஷம் அதைக் கொழுப்பு என்றே நினைத்தேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு "என்னலே சாப்பிட்ட?" என்று கேட்கப் பழகினேன். பாதிப் பேர் நீத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்திருப்பார்கள். பொட்டுக்கடலையும் வெல்லமும் ஒரு டப்பாவில் வைத்திருப்பேனே, அது அதற்காகத்தான். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியதை டிவியில் காட்டினார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். நாற்பது வருஷம் கழித்து உப்புமாவுக்கு அழுகிற ஒரே ஆள் நீதான் என்று அப்பா கேலி செய்தார். அவருக்கு என்ன தெரியும், அவர் பார்த்தது தபால் ஆபீஸ்.

அதனால் பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் வயிற்றைப் பார். கணக்கு நோட்டை அப்புறம் பார்க்கலாம்.

உங்கள் ஊரிலும் விடாத மழை என்று செய்தியில் சொன்னார்கள். இரண்டு பிள்ளைகளோடு நாலு சுவருக்குள் ஐந்து நாள் அடைந்து கிடந்தால் எவளுக்கும் கோட்டி பிடிக்கும். மழை என்று உள்ளேயே வைத்திருக்காதே. இடி மின்னல் இல்லாத நேரம் பார்த்து முற்றத்தில் இறக்கி விடு, நனையட்டும். சளி பிடித்தால் மூன்று நாளில் போகும். பழைய நோட்டைக் கிழித்துக் கப்பல் விடட்டும். மழை இல்லாவிட்டால் பின்கட்டில் அண்டாவில் தண்ணீர் பிடித்து வை. வீட்டில் இருக்கிற பிளாஸ்டிக் டம்ளரையெல்லாம் கொடுத்துக் கழுவச் சொல். தண்ணீரில் கை வைத்த பிள்ளை அரைமணி நேரத்தில் வேறு பிள்ளையாகிவிடும். நீயே அப்படித்தான். நீ அடம் பிடித்த நாளிலெல்லாம் ஆச்சி உன்னை ஆற்றுக்கு இழுத்துக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டே வருவாய். வெயில் நாளானால் ஏழு மணிக்கு முன்னால் மலை சுற்றுகிற பாதையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். பதினாலு கிலோமீட்டரும் வேண்டாம், ஒரு லிங்கத்திலிருந்து அடுத்த லிங்கம் வரை போதும்.

இரண்டு பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து எடுத்தபோது நீயும் மாப்பிள்ளையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். தெருவில் கேட்கிறார்கள்: "டீச்சர், பேரப் பிள்ளைக பள்ளிக்கூடமே போகலையாமே?" முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய், ஆடு மேய்த்த பிள்ளைகளைப் பெயர் எழுதிச் சேர்த்தவளைப் பார்த்து இந்தக் கேள்வி. மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொல்கிறேன்: தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது, பதினாலு வயது முடிந்தால் நேரடியாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம் என்று. அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஆனால் போன கோடையில் பெரியவன் இங்கே திண்ணையில் உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு "செம்போத்து, ஆச்சி" என்று சொன்னானே, அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

நீ செய்வது எனக்குப் புரியாத வேலை இல்லை. 2007இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது நினைவிருக்கிறதா? ஏணி, அட்டை, தரையை ஒட்டிக் கரும்பலகை. அந்தந்தப் பிள்ளை அதனதன் வேகத்தில் படி ஏற வேண்டும், டீச்சர் கீழே பாயில் உட்கார வேண்டும். ஐம்பத்தொரு வயதில் முழங்கால் வலியோடு என்னைத் தரையில் உட்கார வைத்துவிட்டார்களே என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன். ஆனால் கீழே உட்கார்ந்த பிறகுதான் பிள்ளைகளின் முகம் நேருக்கு நேராகத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் உச்சந்தலையை மட்டும் பார்த்திருக்கிறேன். சிடுசிடுப்பான நாளில் நீயும் நாற்காலியை விட்டு இறங்கிக் கீழே உட்கார். ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பயறு புடைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் குட்டி வந்து கல் பொறுக்குவாள், பார்.

ஒரு வித்தியாசம் உண்டு. எனக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் அவரவர் அம்மாவிடம் போனார்கள், நான் உன்னிடம் வந்தேன். உனக்கு மணியே அடிப்பதில்லை. டீச்சரும் நீ, அம்மாவும் நீ, சத்துணவு ஆயாவும் நீ. மாப்பிள்ளை தோட்டத்திலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் அவர் பார்க்கட்டும். நான் சொன்னேன் என்று சொல்லாதே, நீயே கேள். தோட்டத்துச் செடிக்குக் காட்டுகிற பொறுமையைப் பிள்ளைகளிடமும் காட்டுவார், நல்ல மனுஷர்தான். கேட்டால்தான் செய்வார்.

வயிற்றைப் பார்க்கச் சொன்னேன் அல்லவா? தூக்கத்தையும் பார்.

ஏழாம் வாய்ப்பாடு வராவிட்டால் அந்தச் சவத்தைத் தூக்கி ஓரத்தில் வை. அது எங்கே ஓடிவிடப் போகிறது?

போனை உடனே வைத்துவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். வைக்கவில்லை. நீ அணைக்காமல் போட்டுவிட்டாய், நானும் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அப்பா வந்து அணைத்தார். என்ன கேட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: நீ பெரியவனைப் பார்த்துச் சொன்ன அந்த ஒரு வரி உன்னுடையது இல்லை. அது என்னுடையது.

1994. மூன்றாம் வகுப்பு. நீ என் வகுப்பிலேயே இருந்தாய். அந்த வாரம் உதவிக் கல்வி அலுவலர், அதுதான் ஏ.இ.ஓ., ஆய்வுக்கு வருவதாக இருந்தது. டீச்சர் மகளுக்குத் தனிச் சலுகை என்று யாரும் பேசிவிடக் கூடாது என்பதிலேயே எனக்குக் குறி. உன்னை எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். ஏழு எட்டு என்ன என்பதில் நின்றுவிட்டாய். "நீயெல்லாம் எருமை மேய்க்கத்தான் லாயக்கு" என்றேன். மர ஸ்கேலால் விரல் முட்டியில் அடித்தேன். ஒன்று இல்லை, மூன்று. வகுப்பே சிரித்தது. நீ அழவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது. அன்றைக்குக் காலையிலேயே நீ நடுங்கிக்கொண்டு வந்ததை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் உன்னை ஆச்சியிடம் விட்டுவிட்டு நான் பள்ளிக்கூடம் போனேன். ஆய்வு நல்லபடியாக முடிந்தது. நல்ல பெயர் வாங்கினேன்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அம்மா பிள்ளையிடம் கேட்பது என்ன வழக்கம் என்று இருந்துவிட்டேன். கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது பயிற்சியில் 17ஆம் பிரிவை வாசித்தார்கள்: பிள்ளையை அடிக்கவும் கூடாது, மனம் நோகச் செய்யவும் கூடாது. பிறகு எப்படிப் பாடம் நடத்துவது என்று கூடம் முழுக்க ஒரே இரைச்சல். நான் தலையைக் குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றேன். நீயும் நம்பிவிட்டாய்.

அந்த 1994ஆம் வருஷத்து நாளை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். காலையில் அப்பாவோடு சங்கிலியை அடகு வைக்கிற விஷயத்தில் சண்டை. சட்டியில் இருந்த பழையதை அப்படியே மூடிவிட்டுக் கிளம்பினேன். பதினொரு மணிக்கு வகுப்பில் சாப்பிடாமல் இருந்தது பிள்ளைகள் மட்டும் இல்லை.

நீ காலையில் என்ன சாப்பிடுகிறாய்? பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசை ஓரம் கணக்கில் வராது.

பெரியவனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடு. அம்மா சொன்னது தப்பு என்று மட்டும் சொன்னால் போதும், விளக்கம் வேண்டாம். நான் முப்பது வருஷம் தள்ளிப் போட்டதை நீ பத்து நாளில் முடித்துவிடு. ஒருவேளை சொல்லியும் இருப்பாய். அப்படியானால் நான் எழுதியது அதிகப்பிரசங்கித்தனம், விட்டுவிடு.

பார்சலில் கல்லிடைக்குறிச்சி அப்பளம், நார்த்தங்காய், குட்டிக்குப் பாவாடை. ஆச்சியின் பல்லாங்குழியும் இருக்கிறது. மூன்றாவது குழியில் விரிசல் நீ போட்டதுதான், கீழே போட்டுவிட்டு எலி என்று சொன்னாய். ஒரு பக்கம் ஏழு குழி. எட்டெட்டாகப் போட்டு அவனையே எண்ணச் சொல். நீ பக்கத்தில் உட்கார்ந்திரு, விடையைச் சொல்லாதே. எழுபது புளியங்கொட்டை எண்ணி மஞ்சள் பையில் கட்டியிருக்கிறேன், குட்டி எப்படியும் தொலைப்பாள் என்று கூடப் பத்து.

வரச் சொன்னால் வருவேன். திருச்சியில் பஸ் மாறி வரத் தெரியும், யாரும் கூட்டிப் போக வர வேண்டாம். அப்பளம் நமுத்துவிடும், டப்பாவைத் திறந்து வைக்காதே.

அம்மா