மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகவே சொல்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு நண்பா,

உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? பாண்டிக்குக் குடிபோன பிறகு நீ வாசற்படி தாண்டுவதே இல்லையென்று தங்கச்சி போனில் குறைப்பட்டுக்கொண்டாள். இங்கே எனக்கு வலது கண் புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பண்ருட்டிப் பலா வந்து குவிகிறது. டாக்டர் சர்க்கரையைக் காரணம் காட்டி ஒரு சுளைக்கு மேல் கூடாது என்கிறார். வாசனைக்குத் தடை போடவில்லை, அதுவரை சரி.

அப்புறம், நம் கடலூர் வரலாற்று இணையதளத்தை மாப்பிள்ளை புதுசாக மாற்றிக் கொடுத்திருக்கிறார், பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொல் என்று கேட்டிருந்தாய். ஒளிக்காமலே சொல்கிறேன்: பார்க்க அழகாக இருக்கிறது, படிக்கத்தான் முடியவில்லை. புதுக் கண்ணை வைத்துக்கொண்டும் முடியவில்லை.

முதல் குறை எழுத்தின் நிறம். வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல். வீட்டுக்குள் ஏதோ தெரிகிறது. காலை நடையின்போது தேவனாம்பட்டினம் கடற்கரையில் போனைத் திறந்தேன். கடல் பக்கமிருந்து வெயில் அடிக்க, பக்கம் வெறும் வெள்ளையாகிவிட்டது. இதற்கு, இணையத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு கணக்கே வைத்திருக்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்காது. பெரிய கம்ப்யூட்டர் திரையில் ஏசி அறையில் உட்கார்ந்து பார்த்திருப்பார், அவ்வளவுதான். நம்மைப் படிக்கிறவர்களோ பஸ்ஸில் நின்றபடி படிக்கிறவர்கள்.

இரண்டாவது, ஆங்கிலத்துக்குச் செய்த அளவுகளைத் தமிழுக்கு அப்படியே போட்டிருக்கிறார். நம் எழுத்துக்கு மேலேயும் விசிறி உண்டு, கீழேயும் வால் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல் வரி 'ழு'வின் வால் கீழ் வரி 'கீ'யின் தலையில் இடிக்கிறது. எழுத்து அளவைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்றுக் கூடுதலாக வரி உயரம் வைத்தால் மூச்சு விடலாம். சின்ன எழுத்தைத் தடிமனாக்கியதில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு 'ன'வா 'ண'வா என்று தடவ வேண்டியிருக்கிறது. இரு ஓரமும் சமமாக நிற்கும்படி வரிகளை இழுத்திருப்பதையும் எடுத்துவிடச் சொல். தமிழில் சொற்கள் நீளம். போனின் குறுகிய அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும். நடுவில் பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளி. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

இதையெல்லாம் விட எனக்கு மனத்தாங்கல், உன் நல்ல சரக்கு ஒளிந்துகொண்டதுதான். 1690-ல் மராட்டியரிடம் புனித டேவிட் கோட்டையை வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை எங்களுடையது என்று ஊர்களை வளைத்துக்கொண்டானே, அந்தக் கட்டுரை எங்கே? முகப்பில் ஓடும் படங்களில் நாலாவதாக, கோட்டைச் சுவர் போட்டோவின் மேலேயே வெள்ளை எழுத்தில் வந்து, படிப்பதற்குள் நகர்ந்துவிடுகிறது. அந்தக் குண்டால் பேர் வாங்கிய ஊர்களில் ஒன்றான குண்டு உப்பலவாடிக்காரர் ஒருவரிடம் போனைக் கொடுத்து, "உங்க ஊர்ப் பேர் எப்படி வந்ததுன்னு இதுல தேடுங்க" என்றேன். ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. படங்களைத் தள்ளிப் பார்த்தார், மூன்று கோடு போட்ட மெனுவைத் தொடவே இல்லை, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். நீயும் இப்படி அக்கம்பக்கத்தில் காட்டிப் பார். ஐந்து பேரிடம் காட்டினாலே பெரும்பாலான குறை வெளியே வந்துவிடும் என்று, இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே எழுதியிருக்கிறார். காட்டும்போது நீ வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் உனக்குக் கஷ்டம்!

சுனாமி நினைவு மலரைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து ஏற்றியிருக்கிறாயே, அதைப் பெரிதாக்கினால் மங்குகிறது. பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளுக்கு அது வெறும் படம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கட்டுரைகளோ ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கின்றன. எல்லாக் கருவியிலும் தெரியும் பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும், மாற்றித்தர இலவசக் கருவிகள் இருக்கின்றன. மலரை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்து தருகிறேன், கண் முழுசாகத் தேறட்டும்.

இன்னொன்று, பழைய இணைப்புகள் செத்துவிட்டன. பள்ளி வாத்தியார்களுக்கு நான் அனுப்பி வைத்த கோட்டைக் கட்டுரையைத் தொட்டால் 'பக்கம் இல்லை' என்கிறது. பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும்படி ஏற்பாடு செய்யச் சொல். அது செய்தே ஆக வேண்டியது.

மாப்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று நீ தயங்குவாய், தெரியும். நான் சொன்னதாகவே சொல். முதலில் அந்தச் சாம்பலைக் கறுப்பாக்கட்டும், மற்றதை அடுத்த வாரம் நான் பாண்டிக்கு வரும்போது பேசிக்கொள்வோம். தங்கச்சியிடம் சொல்லி வை, சாப்பாடு உங்கள் வீட்டில்தான்.

அன்புடன்,
உன் கூட்டாளி