அந்த உறுமல் வால்வில் இல்லை

உடுமலைப்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணுவுக்கு,

காலையில் நீ போனை வைத்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. "வால்வு பெட்டியைத் திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கேன்ப்பா, ஒரே உறுமல்" என்றாய். இசைத்தட்டு பிளேயரின் மெல்லிய சத்தத்தைப் பெருக்க நீ புதிதாக வாங்கிய ப்ரீஆம்ப், டிரான்சிஸ்டருக்குப் பதில் பழைய காலக் கண்ணாடி வால்வில் ஓடுவது. திருப்பி அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது என்றும் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். அனுப்பாதே. அந்த உறுமல் வால்விலிருந்து வரவில்லை.

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பதிவை முதலில் போனிலேயே கேட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை. போனின் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு உள்ள கீழ்ச் சத்தம் எல்லாம் வராது. அப்புறம் தம்பியின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். கனமான 'ம்ம்ம்'. கரண்டின் சத்தம்தான் அது. ஜெர்மனியிலும் நம் ஊரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமலுக்கு ரெண்டு ஊரிலும் ஒரே சுருதி. பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பவர் சப்ளை கண்டென்சர் சோர்ந்துபோயிருந்தால் 100 ஹெர்ட்ஸ் வரும், ஒரு ஸ்தாயி மேலே, 'ஸ்ர்ர்' என்று பிசிறோடு. நீ பாட்டு கற்றவள், கீழ் ஸாவா மேல் ஸாவா என்று உனக்கே தெரியும். உன் பதிவில் இருப்பது கீழ் ஸா. வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் கம்பியாலும் 50 வரலாம்தான். ஆனால் நான் சொன்னபடி பிளேயர் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றியதும் உறுமல் நின்றுவிட்டது என்றாயே? அப்படியென்றால் அது வெளியிலிருந்து உள்ளே நுழைகிறது.

ஏன் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது என்று கேட்டாய். முள் அசைவதால், அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் பிறக்கும் மின்சாரம் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல்லில் 1.5 வோல்ட் இருக்கிறது, அதில் முந்நூறில் ஒரு பங்கு. இதை ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது உன் வால்வு பெட்டி, சுமார் 100 மடங்கு பெருக்கினால்தான் ஆம்ப்ளிஃபையருக்கு எட்டும். அதோடு முடியவில்லை. இசைத்தட்டு வெட்டும்போதே பாஸை, அதாவது கனமான கீழ்ச் சத்தத்தைக் குறைத்து, ட்ரெபிள் என்கிற கூர்மையான மேல் சத்தத்தைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். பாஸை அப்படியே வெட்டினால் வரிகள் அகலமாகி ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரப் பாட்டுதான் கொள்ளும். ட்ரெபிளைக் கூட்டாவிட்டால் தட்டின் இரைச்சலில் அது முங்கிப்போகும். எவ்வளவு குறைக்க வேண்டும், எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு 1954-இல் ஆர்ஐஏஏ என்று ஒரு பொது அளவு வந்தது. நாம் கேட்கும்போது ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகச் செய்கிறது, அதாவது பாஸைத் தூக்குகிறது. அந்தக் கணக்கில் 50 ஹெர்ட்ஸுக்கு 17 டெசிபல், ஏறத்தாழ ஏழு மடங்கு. நூறோடு ஏழைப் பெருக்கு. கரண்டு உறுமல் துளி உள்ளே போனாலும் 700 மடங்காகி வெளியே வருகிறது. டிரான்சிஸ்டர் பெட்டியாக இருந்தாலும் இதே கணக்குதான்.

சரி, எங்கிருந்து நுழைகிறது? நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பு பிளேயரை ஆம்ப்ளிஃபையரின் ஃபோனோ சாக்கெட்டில் செருகியிருந்தாய், பச்சை எர்த் வயரும் பக்கத்துத் திருகில் இருந்தது. இப்போது சிவப்பு, வெள்ளை ரெண்டையும் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டாய். பச்சை பழைய இடத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து ப்ரீஆம்பின் பின்னால் இருக்கும் எர்த் திருகில் முறுக்கு. முக்கால்வாசி உறுமல் அங்கேயே போய்விடும் என்று நம்புகிறேன். ப்ரீஆம்பிலிருந்து வரும் வயர் ஆம்ப்ளிஃபையரில் ஆக்ஸ் சாக்கெட்டுக்குத்தான் போக வேண்டும், பழைய ஃபோனோ சாக்கெட்டுக்குப் போனால் இரட்டைப் பெருக்கலாகிக் கரகரக்கும்.

பெட்டியை ஆம்ப்ளிஃபையர் தலைமேல் வைத்திருக்கிறாய், அதுவும் தப்பு. அடியில் இருப்பது பெரிய டிரான்ஸ்ஃபார்மர், அதன் காந்தம் மேலே ஏறும். ஒரு முழம் தள்ளி வை. பிளேயரின் பிளக்கில் எர்த் இல்லை என்றால், அதைப் பிடுங்கித் திருப்பிச் செருகியும் பார். உங்கள் ஊர்ப் பிளக் எந்தப் பக்கமும் போகுமே, சில சமயம் அதிலேயே உறுமல் குறையும். ஆனால் ஒன்று. இணையத்தில் யாராவது பிளக்கின் எர்த்தை டேப் ஒட்டி மறைக்கச் சொன்னால் செய்யாதே. வால்வு பெட்டிக்குள் 250, 300 வோல்ட் ஓடுகிறது, சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும். மூடியைத் திறக்கவே வேண்டாம்.

உன்னைத் தடுக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1979, பங்குனித் திருவிழா. நான் சவுண்ட் சர்வீஸில் சேர்ந்து ரெண்டாவது வருஷம். குழாய் ஸ்பீக்கர் நாலிலும் உறுமல், ஊரே திரும்பிப் பார்க்கிறது. வால்வுதான் போச்சு என்று கடையிலிருந்த புது வால்வுகளை ஒவ்வொன்றாக மாற்றினேன், நாலும் தீர்ந்தது. உறுமல் அப்படியே இருந்தது. மாஸ்டர் வந்து மைக் வயரை விரலில் உருட்டிப் பார்த்தார். பிளக்குக்குள், எர்த்தாக வேலை செய்யும் மேல்வலைக் கம்பி அறுந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் சால்டரிங் அயர்னை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து உறுமல் என்றால் நான் முதலில் தொடுவது எர்த்தைத்தான்.

அப்புறம், வால்வு உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா, இல்லை என் பிரமையா என்று கேட்டாயே. மந்திரம் ஒன்றும் இல்லை. நல்ல டிரான்சிஸ்டர் சர்க்யூட் வால்வை விட அமைதியாகவே இருக்கும். வால்வு எந்தச் சுருதியோடும் அதன் மேல் ஸ்தாயியைத் துளி சேர்க்கிறது, அதனால் குரல் கொஞ்சம் நிறைவாகக் கேட்கிறது. என் காதுக்கு அதைவிடப் பெரிய விஷயம் கீறல் சத்தம். பழைய தட்டில் 'டப்' என்று ஒரு கீறல் வந்தால் மட்டமான பெட்டி அதில் முட்டித் திணறும். அதிக வோல்டேஜில் ஓடும் வால்வு அதை விழுங்கிவிட்டு அடுத்த நொடியே பாட்டுக்கு வந்துவிடும். உன்னிடம் இருப்பவை கல்யாண வீடுகளில் ஓடி ஓடித் தேய்ந்த நம் கடைத் தட்டுகள். அவற்றுக்கு இந்தப் பெட்டி பொருத்தம்தான், நீ வாங்கியதில் தப்பில்லை.

ஆனால் முள்ளைப் பார். நம் பழைய பெட்டி பிளேயரில் செராமிக் கார்ட்ரிட்ஜ், ப்ரீஆம்பே தேவைப்படவில்லை, ஆனால் 5, 6 கிராம் எடையோடு வரிகளை உழுதுவிட்டது. உன்னுடையதற்கு 2 கிராம் போதும், கம்பெனி சொன்ன எடையைத் தராசு வைத்துச் சரிபார். பிளேயரை நீ பழையதாக வாங்கியதால் அந்த முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரம்தான் அதன் ஆயுள். நுனி நீள்வட்டமாக இருக்கும் எலிப்டிகல் முள் வாங்கு. பழைய உருண்டை முள் தேய்க்காத இடத்தை அது தொட வாய்ப்புண்டு. தட்டுகள் இருக்கும் பெட்டியின் அடியில் ரெண்டு அரக்குத் தட்டு இருக்கும், 78 வேகம். அவற்றை இந்த முள்ளில் போடாதே, அதற்கு வேறு அகலமான முள் வேண்டும்.

கடையை மூடியபோது நான் விற்காமல் வைத்த அட்டைப் பெட்டியைத் திறந்தேன். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகள், அதில் நாலு ஈசிசி83. உன் பெட்டியில் 12ஏஎக்ஸ்7 என்று எழுதியிருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றுதான், ஒன்பது கால். பென்சிலால் தட்டி 'டங்' என்று மணி அடிக்காத ரெண்டைப் பொறுக்கி, பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வரும் உன் சிநேகிதியிடம் கொடுத்து அனுப்புகிறேன். இப்போது மாட்ட வேண்டியதில்லை, உள்ளே இருப்பவை பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும்.

அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது, விளக்கைப் போட்டுக்கொண்டு தட்டைப் போட்டு உட்காருகிறேன் என்று நீ சொன்னது உன் அம்மாவுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? எனக்கும்தான்.

பச்சை வயரை மாற்றிவிட்டு அடுத்த ஞாயிறு உன் காலை 11 மணிக்குக் கூப்பிடு, எங்களுக்கு மூன்றரை. முதலில் தட்டில்லாமல் வால்யூமைப் பாட்டுக் கேட்கும் அளவுக்குத் திருப்பி, போனை ஸ்பீக்கர் பக்கம் வை. நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டிருப்பேன். அப்புறம் காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரத் தட்டைப் போடு, ரெண்டாம் பக்கம். அம்மாவும் பக்கத்தில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா