புது மெஷின் வாங்காத தம்பி

தம்பி,

நீ அனுப்புன வீடியோவ பாத்தேன், அப்பாவும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு பக்கத்துல உக்காந்து பாத்தாரு, அவருக்கு ஒன்னும் புரியல ஆனா நல்லா தலைய ஆட்டுனாரு. துணிக்கு அடியில நூல் கொசகொசன்னு சுத்திக்கிட்டு வருது, தையல் மெஷின் போச்சு, புதுசு ஒன்னு பாத்து வச்சிருக்கேன்னு சொல்ற. வாங்காத. மெஷினுக்கு ஒன்னும் ஆகல.

அடியில நூல் குமிஞ்சா எல்லாரும் கீழ் நூல் சுத்தி வச்சிருக்குற பாபினத்தான் கழட்டி கழட்டி மாட்டுவாங்க, ஆனா கோளாறு பெரும்பாலும் மேல இருக்கும். மேல் நூல் இறங்குற வழியில நூல இறுக்கி பிடிக்கிற டென்ஷன்னு ஒன்னு இருக்குல்ல, உள்ள ரெண்டு சின்ன தட்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். துணிய அமுக்கி பிடிக்கிற ப்ரெஸ்ஸர் ஃபுட்ட தூக்கி வச்சாத்தான் அந்த தட்டு ரெண்டும் விலகி வழி விடும், நூல் உள்ள போய் உக்காரும். நீ வீடியோல ஃபுட்ட இறக்கி வச்சிக்கிட்டே நூல் கோக்குற, நான் நிறுத்தி நிறுத்தி பாத்தேன். தட்டு மூடிக்கிட்டு இருந்தா நூல் மேலாப்புல ஓடிரும், பிடிப்பே இருக்காது, அப்புறம் அடியில வந்து குமியாம என்ன செய்யும்? ஃபுட்ட தூக்கு, கோத்து முடி, அப்புறம் இறக்கிட்டு நூல இழுத்து பாரு, கையில நல்லா இறுக்கம் தெரியணும். தைக்க ஆரம்பிக்கும்போது ரெண்டு நூல் நுனியையும் பின்னால இழுத்து புடிச்சிக்கிட்டு முதல் நாலஞ்சு தையல் போடு.

அதுக்கும் அடங்கலைன்னா ஊசிய மாத்து. மெஷினோட வந்த ஊசி எத்தன வருஷத்து ஊசியோ யாருக்கு தெரியும். பேக்கெட் மேல ஊசி சைஸ் 80/12ன்னு இருந்தா காட்டனுக்கு சரி, 90/14 கொஞ்சம் தடிச்ச துணிக்கு, ஜீன்ஸுக்கு 100/16. டீ ஷர்ட் துணிக்கு பால்பாயிண்ட் ஊசின்னு தனியா கேட்டு வாங்கு, அது இழைய குத்தி அறுக்காம விலக்கிட்டு போகும், சாதா ஊசில தச்சா தையல் விட்டு விட்டு விழும். ஊசிய கடைசி வரைக்கும் மேல தள்ளி மாட்டணும், தட்டையான பக்கம் உன் மெஷின்ல பின்னால பாத்த மாதிரி இருக்கணும். பாபினும் எல்லாம் ஒரே சைஸ் இல்ல, பாக்க ஒரே மாதிரி இருக்கும், உயரம் லேசா மாறுனா போதும் மக்கர் பண்ணும், பழையத கையில எடுத்துக்கிட்டு போய் வச்சி பாத்து வாங்கு.

பழைய மெஷின்னு கேவலமா நினைக்காத. பாட்டியோட சிங்கர் இன்னும் நம்ம ஹால்ல இருக்குல்ல, எஸ்டேட் தோட்டத்துல இருக்கும்போது மாசா மாசம் கட்டி வாங்குனது, ஸ்காட்லாந்துல கிளைட்பேங்க்ல செஞ்சது, அந்த ஃபேக்டரியவே 1980ல மூடிட்டாங்க, மெஷின் இன்னும் கைலி ஓரம் அடிக்குது. ஊசியும் இன்னிக்கி கடையில விக்கிற அதே சாதா வீட்டு மெஷின் ஊசிதான். துணிய நகத்துற பல்லுக்கு கீழ சேர்ற பஞ்ச பிரஷ்ல தட்டி விட்டு ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டா போதும், சமையல் எண்ணெய கிண்ணெய ஊத்திறாத பிசின் மாதிரி இறுகிக்கும். உன் மெஷினுக்கு எண்ணெய் விடலாமான்னு மட்டும் புக்க பாத்துக்க, சிலதுக்கு விடவே கூடாது.

காச துணில போடு, ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கு, அயர்ன் பாக்ஸ பக்கத்துலயே வச்சிக்க. ஒவ்வொரு தையலும் போட்டதும் அயர்ன வச்சி அழுத்தி எடு, தேய்ச்சி இழுக்காத, இழுத்தா துணி வளைஞ்சிரும். கடையில தச்ச மாதிரி இருக்கேன்னு நாலு பேரு சொல்றது பாதி அந்த அயர்னாலதான். ஜீன்ஸ் கால் மடிக்கும்போது பக்கத்து தையல் தடிப்பா வந்து மெஷின் நின்னுருதுன்னு கேட்டல்ல, அந்த இடத்துல மேல ஒரு துணிய போட்டு இடிக்கல்லு உலக்கையால நாலு தட்டு தட்டு, அமுங்கிரும். அப்புறம் ஃபுட்டோட பின்பக்கம் அட்டைய மடிச்சி குடுத்து மட்டமாக்கிட்டு மெதுவா சக்கரத்த கையால சுத்தி தாண்டிரு.

அங்க துணி வெல ஜாஸ்தின்னு சொல்ற, ஸ்பாட்லைட் உங்க மெல்பர்ன்லேயே 1973ல ஆரம்பிச்ச துணிக்கடைதானாம், சேல் வரும்போது வாங்கிக்க. கத்துக்குற வரைக்கும் செகண்ட் ஹேண்ட் கடையில பழைய காட்டன் பெட்ஷீட் எடுத்துக்க, அவ்வளவு அகலத்துக்கு வேற எங்கயும் கெடைக்காது, துவைச்சி துவைச்சி இனிமே சுருங்கவும் சுருங்காது. புதுத்துணி அப்படி இல்ல, காட்டனும் ரேயானும் தண்ணி பட்டா இழுத்துக்கும், வெட்டுறதுக்கு முன்னால ஊற வச்சி காய வச்சிரு. எனக்கு டைம் இல்லம்மான்னு சொல்லாத.

உனக்கு துணி எடுக்க நேத்துதான் கோலாலம்பூர்ல ஜாலான் டி.ஏ.ஆர். போயிருந்தேன். தாத்தா கடைசி வரைக்கும் அந்த தெருவ பழைய பேருல பத்து ரோடுன்னுதான் சொல்லுவாரு. மஸ்ஜித் ஜமேக் ஸ்டேஷன்ல இறங்கி மஸ்ஜித் இந்தியா தெரு வழியா நடந்து போனேன், மழ வேற. சனிக்கிழமைன்னா அங்க போகாதன்னு அப்பா சொல்லுவாரு, பின்னால சந்துல பசார் மாலாம்னு ராத்திரி சந்த போட்டு நடக்கவே எடம் இருக்காது, எனக்கு அந்த கூட்டந்தான் பிடிக்கும். காம்டார் துணிக்கடையில அடுக்கி வச்சிருக்குறத தொட்டு பாத்துட்டு, வெளிய சின்ன கடைங்கள்ல மீட்டர் கணக்குல சுருட்டி வச்சிருப்பாங்கல்ல அங்க வந்தேன். ஒரு கடையில "காட்டன் ஆன்ட்டி, சுத்த காட்டன்"னு அடிச்சி சொன்னான். கையில கசக்கி புடிச்சி விட்டேன், ஒரு சுருக்கம் கூட விழல. ஓரத்துல ரெண்டு இழைய உருவி குடுன்னு வாங்கி வெளிய வந்து லைட்டர்ல காட்டுனேன், உருகி கருப்பா கெட்டி மணி ஆயிருச்சி. பாலியஸ்டர். காட்டன்னா பேப்பர் எரியிற வாசம் வரும், சாம்பல் தொட்டா பொடியாயிரும். அவன் சிரிக்கிறான், நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன்.

பக்கத்து கடையில ஒரு மலாய்க்கார அக்கா, வயசு என்னவிட கூட இருக்கும், என்ன தைக்க போறீங்கன்னு முதல்ல கேட்டாங்க. இந்த கேள்விய கேக்குற கடையிலதான் நான் வாங்குவேன். மகன் முதல் தடவ சட்ட தைக்க போறான்னு சொன்னதும், காலர் வச்ச சட்ட வேணாம், காலர் இல்லாத தெலுக் பெலாங்கா கழுத்து வச்ச பாஜு மெலாயு, அதான் மலாய்க்காரங்க போடுற சட்ட, அத தைக்க சொல்லுங்க, முக்கால்வாசி நேர் வெட்டுதான், துணியும் வீணாகாதுன்னாங்க. அக்குளுக்கு கீழ கெகெக்னு ஒரு சின்ன சதுரத்துண்டு வரும், அதான் கைய தூக்குனா சட்ட மேல ஏறாம வச்சிருக்கும். கழுத்து ஓரத்துக்கு துலாங் பெலுட்னு ஒரு கைத்தையல் இருக்கு, பின்னி பின்னி போட்ட மாதிரி வரும், அழகுன்னா அழகு, அத வீடியோ கால்ல நானே காட்டித்தாரேன். 45 இன்ச் அகலத்துல மூணு மீட்டர் போதும்னாங்க, நீ வளத்தியா இருக்கேன்னு நான் மூன்ற எடுத்தேன், நீலம், வெள்ளக் கோடு போட்டது. கடை லைட்ட நம்பாம வாசலுக்கு கொண்டுபோய் பகல் வெளிச்சத்துல பாத்துட்டுதான் வெட்ட சொன்னேன். நூலும் வாங்கிட்டேன், துணிய விட ஒரு மாத்து கூட, உருட்டுல பாக்க கருப்பா தெரியும், தச்சதும் வெளுப்பா காட்டும்.

உங்க பெரியம்மா ஃபோன் பண்ணி "பையன் தையல் வேல பாக்குறானாமே"ன்னு இழுத்தாங்க. மஸ்ஜித் இந்தியால சின்ன வயசுல இருந்து உங்களுக்கு ஜாக்கெட் தச்சி குடுத்ததெல்லாம் ஆம்பளைங்கதானேன்னு கேட்டேன், அப்புறம் வேற பேச்சு.

இன்னொன்னு, நம்ம மெஷின அனுப்புன்னு கேட்டியே, கரண்ட் ரெண்டு ஊர்லயும் ஒன்னுதான், ப்ளக்தான் வேற, ஆனா அத தூக்கிட்டு ப்ளைட் ஏற யாரால முடியும். துணிய மட்டும் எதிர் வீட்டு பொண்ணு அடுத்த வாரம் வரும்போது குடுத்து விடுறேன், வாங்கிக்க. அதுக்குள்ள நீ நெஞ்சு சுத்தளவு, தோள்பட்டை, கை நீளம் எல்லாம் எடுத்து அனுப்பு, நீயே எடுக்காத, குனிஞ்சி பாத்தா அளவு மாறும், ரூம்மேட்ட புடிச்சி எடுக்க சொல்லு. நல்லா உனக்கு பொருந்துற சட்ட ஒன்னு இருந்தா அத தரையில விரிச்சி வச்சி அந்த அளவும் அனுப்பு, நான் பேப்பர் வெட்டி துணியோட சேத்து வச்சிருறேன்.

அம்மா