ககேத்திக்கு அரை நாளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜார்ஜியா பயணக் கட்டுரையில், "மதுப் பழக்கம் இல்லாதவர்கள் ககேத்திக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும், மலை பார்க்க கஸ்பெகிக்குப் போய்விடலாம்" என்று ஒரு வரி இருந்தது. ககேத்தி ஜார்ஜியாவின் கிழக்கே உள்ள ஒயின் பகுதி, கஸ்பெகி வடக்கே உள்ள மலைப்பகுதி. அந்த வரியைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. நான் ஒயினை நாவில் வைத்ததே கிடையாது. ஆனாலும் தலைநகர் திபிலீசியில் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ககேத்திக்குத்தான் போனேன்.

அங்கே மலை இல்லையா? கொம்போரிக் கணவாயைத் தாண்டித் தெலாவி நகருக்கு இறங்கினால் அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைக் கொடி. அதற்கு அப்பால் சுவர் எழுப்பியதுபோல் காகசஸ். 11ஆம் நூற்றாண்டில் கட்டிய அலவெர்தி தேவாலயத்தில் துறவிகள் இன்றும் ஒயின் செய்கிறார்கள். துஷேத்தி மலைநாடும் ககேத்தியைச் சேர்ந்ததுதான். 2,800 மீட்டருக்கு மேலுள்ள அபானோ கணவாய் வழியே போக வேண்டும், அதுவும் கோடையில் மட்டும். அந்த உயரத்தில் திராட்சை விளையாது என்பதால் துஷேத்தியர் திருவிழாவுக்கு பார்லியில் பீர் காய்ச்சுகிறார்கள். குளிர் தொடங்குமுன் மந்தைகளை ஓட்டிக்கொண்டு கீழே சமவெளிக்கு வந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் மலை வேறு, ஒயின் வேறு என்று பிரித்துவிட உங்கள் கட்டுரையாளருக்கு எப்படி மனம் வந்தது?

குடிக்காதவனுக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்றால், சொல்கிறேன். தெலாவிக்கு அருகே நான் தங்கிய வீட்டில் பெரியவர் என்னை மரானிக்கு, அதாவது ஒயின் அறைக்கு, அழைத்துப் போனார். தரையில் வட்ட வட்டமாக வாய்கள் மட்டும் தெரிந்தன. கழுத்துவரை மண்ணில் புதைத்த க்வெவ்ரி தாழிகள் அவை. ஆள் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவும் அளவுக்குப் பெரியவையும் உண்டு. களிமண்ணைத் திரித்துச் சுற்றுச் சுற்றாக, நாள் கணக்கில் உயர்த்திக் கட்டிச் சூளையில் சுட்டு, சூடு ஆறுமுன் உட்புறம் தேன்மெழுகு பூசுவார்கள். சாற்றைத் தோல், விதை, காம்போடு ஊற்றி நொதிக்கவிட்டு, வாயை மூடி மண் பூசிவிட்டால் வசந்தகாலம் வரை திறப்பதில்லை. குளிரூட்டும் இயந்திரம் செய்யும் வேலையை அந்த மண்ணே செய்கிறது. 2013இல் யுனெஸ்கோ இந்த முறையை மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்பே ஜார்ஜியாவில் ஒயின் இருந்ததற்குப் பானை ஓடுகள் சான்றாக இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல.

அன்றிரவு விருந்தில் எனக்குத் திராட்சைச் சாறு ஊற்றினார்கள். ஏன் குடிக்கவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தமதா என்ற விருந்துத் தலைவர் இறந்தவர்களுக்காகவும் விருந்தாளிகளுக்காகவும் பேசியபோது நானும் என் கோப்பையை உயர்த்தினேன். அந்தக் குடும்பத்தை நினைத்தால் உங்கள் இதழில் ஒயின் பற்றி எதை எழுதினாலும் தள்ளாடும் மனிதனைக் கேலிச்சித்திரமாகப் போடுவது வலிக்கிறது. இதைப் பற்றி முன்பும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. சுற்றுலாக் குழுக்களும் 'இலவச ஒயின் சுவைப்பு' என்று விளம்பரம் செய்து ஏதாவதொரு பெரிய ஆலையில் பேருந்தை நிறுத்துகின்றன. பக்கத்துத் தெருவில் மரானி வைத்திருப்பவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். 1985இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மதுவிலக்கு இயக்கத்தில் கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டதையும், 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டதையும் தாங்கி நின்ற குடியானவர்கள் இவர்கள்.

படக்குறிப்பையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த ககேத்தித் தேவாலயம்' என்று போட்டிருப்பது கஸ்பெகியின் கெர்கெத்தி தேவாலயம். 2,170 மீட்டர் உயரத்தில் நிற்கும் அதைச் சுற்றிப் புல்வெளிதான், ஒரு கொடிகூடக் கிடையாது.

நான் கேட்பது பெரிதல்ல. படத்துக்குச் சரியான குறிப்பையும், அந்த 'அரை நாள்' வரிக்கு ஒரு திருத்தத்தையும் அடுத்த இதழில் போடுங்கள். செப்டம்பரில் அங்கே அறுவடை தொடங்கிவிடும். பயணம் போக இருப்பவர்கள் அதற்கு முன் படிக்கும்படி வந்தால் நன்றி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்