கூட வர்றவங்களுக்கும் சேர்த்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

மீசப்புலிமலை ஏற வர்றதா சொன்ன. கூட ஒருத்தர் வர்றாங்கன்னும் சொன்ன. அதோட லைன் கட்டாயிடுச்சு. சரி, இருக்கட்டும்.

ஐப்பசி மாசம். காலையில வெயில் பளிச்சுன்னு அடிக்கும், நம்பிடாத. மத்தியானம் தாண்டினா இடியும் மின்னலும்தான். தென்னிந்தியாவுலயே உசரமான ஆனமுடி 2695 மீட்டர்னா இது 2640. உச்சி முழுக்கப் புல்லு, ஒதுங்க இடம் கிடையாது. ராத்தங்குற முகாம் ரோடோ வேலியில இருந்து விடியும்போதே கிளம்பிடுங்க. எங்க நின்னாலும் பன்னண்டு மணிக்குத் திரும்பிடணும். கேரள வன மேம்பாட்டுக் கழகத்துல முன்னாடியே பதிஞ்சு, அவங்க அனுப்புற வழிகாட்டியோட போ. கொழுக்குமலைப் பக்கமா குறுக்க ஏறலாம்னு கூட வர்றவங்க சொன்னாலும் கேக்காத. 2018 மார்ச்சுல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கிச் செத்தது உனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

ஜீன்ஸ் வேண்டாம். நனைஞ்சா காயாது, காத்தடிச்சா உடம்புச் சூட்டையே இழுத்துடும். ஸ்வெட்டரையும் மாத்து சாக்ஸையும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வை. ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. ரெண்டு பேர் தண்ணியையும் நீயே சுமக்காத. உன் குணம் எனக்குத் தெரியும்.

சாக்ஸ் மேல உப்புத் தூளும் வேப்பெண்ணெயும் தேய்ச்சுக்கோ. அப்படியும் அட்டை கடிச்சா, கடிச்சிட்டிருக்கும்போது மேல உப்பைக் கொட்டாத. குடிச்சதைக் காயத்துலயே கக்கும். ஒல்லியா இருக்குற பக்கம்தான் வாய். தோலோட ஒட்டி நகத்தை நுழைச்சு அதை முதல்ல நெம்பு, அப்புறம் பருத்த பக்கத்தை. ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட ஒண்ணுமில்ல.

மெதுவா நடக்குறவங்கதான் முன்னால போகணும். வேகமா நடக்குறவங்க முன்னால போய் நின்னு நின்னு பாத்தா, பின்னால வர்றவங்களுக்கு ஓய்வே கிடைக்காது. நீ மலையில பொறந்தவ, இந்தப் பக்கத்துல உன்னை ஏத்தத்துல ஜெயிக்க ஆளில்ல. ஆனா இப்ப ஏசி ரூம்லயே கிடக்குற. பொங்கலுக்கும் வரல.

ஏறுறதைவிட இறங்குறதுதான் ஆளைக் கவுக்கும். ஈரப்புல்லு வழுக்கும். கால் நகத்தை ரெண்டு நாள் முன்னாடியே வெட்டிடு. உச்சியில ஷூ லேஸை அவுத்து, கணுக்கால்கிட்ட இறுக்கிக் கட்டு. இல்லன்னா விரல் முன்னால போய் முட்டி நகம் கறுத்துடும்.

குளிர்ல ஒருத்தர் எரிஞ்சு விழுந்தா, பேச்சு குழறினா, கால் தடுமாறினா உடனே ஈரத்துணியை மாத்தி, இனிப்பு ஏதாவது குடுத்து, கீழ இறக்கணும். நடுங்கிட்டிருந்தவங்களுக்கு நடுக்கம் நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு நினைக்காத, அப்பதான் ஆபத்து. பசியிலயும் குளிர்லயும் மனுஷன் எப்படிப் பேசுறான்னு கவனி. நீ எப்படிப் பேசுறன்னு அவங்களும் கவனிக்கட்டும்.

எங்க நின்னாலும் பன்னண்டு மணிக்குத் திரும்பிடணும்.

இறங்கினதும் நேரா வீட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும்தான். சுடுதண்ணி போட்டு வெக்கிறேன். அவங்க கறி சாப்பிடுவாங்களான்னு அம்மா கேக்கச் சொன்னா. அதுக்காவது பதில் போடு.

அப்பா
சூரியநெல்லி