மணிவிழா மலரும் மனம் திறந்த சுயசரிதையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரபலங்கள் ஒளிவுமறைவில்லாமல் எழுதும் சுயசரிதைகள் ஏன் இவ்வளவு விற்கின்றன என்று அலசிய தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை, 'அடுத்த வீட்டு வம்பு கேட்கும் ஆசை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இதை ஏற்க முடியவில்லை. வம்புக்காக வாங்குகிறவர் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்.

டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாசியின் சுயசரிதை 2009-ல் வந்தது. அந்த ஆட்டத்தையே தான் வெறுத்ததாக அவர் எழுதியது தலைப்புச் செய்தியானது. படித்தவர்களுக்கு மறக்காமல் நிற்பதோ 1990 பிரெஞ்ச் ஓப்பன் இறுதி ஆட்டம். முடி கொட்டுவதை மறைக்க டோப்பா வைத்திருக்கிறார்; முந்தின இரவு குளிக்கும்போது அது பிய்ந்துவிடுகிறது. கிளிப் குத்தி ஒப்பேற்றிக்கொண்டு களத்துக்குப் போனவர், ஜெயிக்க வேண்டும் என்று அல்ல, டோப்பா விழாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார். ஆட்டத்தில் தோற்கவும் செய்கிறார். 'நான் நானாக வாழவில்லை' என்று பொதுப்படையாக எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்? அந்தக் கிளிப்தான் நம்ப வைக்கிறது.

நம் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் வெகுகாலம் முன்பே இதைச் செய்துவிட்டார். தன் சுயசரிதையான 'வனவாச'த்தில் தன்னை 'அவன்' என்றே எழுதுகிறார். 'நான்' என்று எழுதும் கை தன்னையறியாமல் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடும். 'அவன்' என்றால் அந்த வக்கீல் வேலைக்கு இடமில்லை. எழுதத் தயங்குகிறவர்கள் ஒரு அத்தியாயத்தையாவது இப்படி எழுதிப் பார்க்கலாம்.

இங்கே செட்டிநாட்டில் அறுபதாவது வயது மணிவிழாவுக்கும் எண்பதாவது வயது முத்துவிழாவுக்கும் வாழ்க்கை வரலாற்று மலர் போடுகிறோம். வழவழப்பான தாள், பக்கம் பக்கமாக வாழ்த்துரை. தந்தையார் 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்த கதைக்கு ஒரு பத்தி. கடை நொடித்ததும், பங்காளி வழக்கும், படிக்க ஆசைப்பட்டும் அனுப்பப்படாததும் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். மெய்ப்புப் பார்க்கும் கட்டத்தில் பிள்ளைகள் அடித்துவிடுவார்கள். பிறகு மலரை யாரும் பிரிப்பதில்லை என்று வருத்தப்படுவார்கள்.

பெரியவர் சொல்ல இன்னொருவர் கேட்டு எழுதும் முறையிலேயே பாதிக் கோளாறு இருக்கிறது. 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுதான் வரும். பழைய பாஸ்போர்ட், கடைப் பேரேடு, கல்யாணத்து மொய்ப்பண ஏடு என ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். மொய்ப்பண ஏட்டில் நெருங்கிய பங்காளி ஒருவர் பேர் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே ஒரு அத்தியாயம் கிடைக்கும். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். களைத்துப்போனால் பெரியவர்கள் பலமுறை சொல்லிப் பழகிய கதைக்கே திரும்பிவிடுவார்கள். ஒரு மணி நேரப் பேச்சு எழுத்தில் நாலாயிரம் ஐயாயிரம் சொல் வரும். அதை எழுதியெடுக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும். டெமி என்னும் வழக்கமான புத்தக அளவில் 200 பக்க நூலுக்குச் சுமார் 50,000 சொல் வேண்டும். பாதிக்கு மேல் கழிந்துபோகும் என்பதால் 25 அமர்வாவது தேவை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்த ஆபத்து நடை. 'எங்க அப்பச்சி எல்லாத்தையும் விட்டுட்டுக் கட்டுன வேட்டியோட வந்துட்டாக' என்று பெரியவர் சொன்னது, அச்சில் 'எனது தந்தையார் வணிகத்தை நிறைவு செய்து தாயகம் திரும்பினார்' என்று ஆகிவிடுகிறது. பட்ட நஷ்டம் அப்படியே காணாமல் போய்விட்டது.

ஒளிவுமறைவின்மை என்பது தன் வரைக்கும்தான். கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம், ஒருவரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு போன்ற அந்தரங்கங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. அவதூறுக் குற்ற வழக்கிலும் 'நடந்ததைத்தானே எழுதினேன்' என்பது மட்டும் போதாது, பொதுநலன் கருதி எழுதியதாகவும் காட்ட வேண்டும். மைத்துனரின் குடியைப் பற்றி எழுதியே ஆக வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுத்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தராவிட்டால் எடுத்துவிடுங்கள். தன் தவறுகளை முழுதாகச் சொன்ன நூலுக்கு அதனால் குறை வராது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அகாசிக்கு எழுத உதவியவர் ஜே.ஆர். மோரிங்கர். அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் நன்றியுரையில் அகாசி அவருடைய பங்கை மறைக்கவில்லை. நம் நடிகர்கள், தொழிலதிபர்கள் பெயரில் வரும் வாழ்க்கை வரலாறுகளைத் தங்கள் நூல் மதிப்புரைப் பகுதியில் அறிமுகப்படுத்தும்போது, கேட்டு எழுதியவர் யார், நூலில் அவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்பதையும் ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாழ்க்கை வரலாற்று நூல்களின் பதிப்பாசிரியர்,
காரைக்குடி.